பெயரைப் பார்க்காதீர், கழுத்தைப் பாரும்!

பழைய மின் பேஸ் கிற்றார் வாங்கப் போகும் நம் இளைஞர்கள் முதலில் பார்ப்பது, அதன் தலையில் பொறித்துள்ள பெயரைத்தான். என்னைக் கேட்டால், கடைசியாகப் பார்க்க வேண்டியது அது. லியோ ஃபெண்டர் 1951இல் அறிமுகப்படுத்திய பிரிசிஷன் பேஸின் அமைப்பைத்தான், அந்நிறுவனத்தின் மலிவு வகையான ஸ்குவையர் முதல் பெயரறியாத் தயாரிப்புகள் பலவும் இன்றுவரை பின்பற்றுகின்றன.

கழுத்துத்தான் விடயம். தடித்த தந்திகள் நான்கும் சேர்ந்து ஏறக்குறைய 80 கிலோ விசையுடன் அதை ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தச்சர் பலகை பார்ப்பதுபோல் நெடுக நோக்குங்கள். சற்றே வளைந்திருந்தால், உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் திருகி நிமிர்த்தலாம். அத்திருகாணி அசைகிறதா என்பதை விற்பவரையே செய்துகாட்டச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடலாம். கழுத்து முறுகியிருந்தாலோ, பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம். அத்தகைய கருவியில் பழகும் பிள்ளை, சுருதி பிசகும்போதெல்லாம் தன் விரல்களையே நொந்துகொள்ளும்; சில மாதங்களில் கருவி கட்டிலுக்கடியில் கிடக்கும்.

ஒலிக் குமிழ் கரகரத்தால் மிரள வேண்டியதில்லை. துப்புரவுத் திரவம் சிறிது தெளித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால், விலை பேசும்போது அதைக் குறிப்பிட மறவாதீர்கள்!

கையிலுள்ள பணம் முழுவதையும் கருவிக்கே கொடுத்துவிடலாகாது. புதிய தந்திகள் வேண்டும். பேஸுக்குரிய அம்ப்ளிபயரும் வேண்டும். சாதாரண கிற்றாருக்கான சிறிய அம்ப்ளிபயரில் உரத்து வாசித்தால், அதன் ஸ்பீக்கர் கிழிந்துவிடக்கூடும்.