ஒப்பந்தப் பத்திரமும் கணினி மாதிரியும்

சுவரை வைத்தே சித்திரம் எழுதவேண்டும் என்பது பழமொழி. கட்டடத் தொழிலிலோ சித்திரம் முன்னும் சுவர் பின்னும் வருதலே முறை. அச்சித்திரம் இக்காலத்தே தாளினின்று கணினிக்குட் புகுந்துள்ளது. தூண், உத்தரம், குழாய், மின்கம்பி யாவும் ஒரே உருவிற் காணப்பெறும் அம்மாதிரியைப் பொறியாளர் ‘பிம்’ என வழங்குவர். கழிவுநீர்க் குழாய் உத்தரத்தை ஊடுருவுமாயின், கான்கிரீட் இடுதற்கு முன்னரே அப்பிழை புலனாகும்.

இத்துணை நலமுடைய கருவி நம் நாட்டிற் பெரிதும் பரவாமைக்குக் காரணம் யாது? கணினியின் விலை என்பர் சிலர். பயிற்சிக்குறை என்பர் பிறர். ஒப்பந்தப் பத்திரமே முதற் காரணம் என்பது எம் கருத்து. குறைந்த தொகை கேட்பார்க்கே வேலை எனும் டெண்டர் முறையில், பத்திரம் கேளாத ஒன்றைத் தம் கைப்பொருள் கொண்டு எந்தக் கண்டிராக்டர் செய்வார்? செய்யின் அவர் தொகை உயரும். வேலை பிறர்பாற் செல்லும்.

கேட்டால் மட்டும் போதுமோ எனின், போதாது. ‘மாதிரி ஒன்று தரப்படல் வேண்டும்’ என்னும் ஒற்றை வரி, வேலை முடிந்தபின் கடமைக்காக வரையப்பட்ட பொம்மையையே ஈனும். எக்கட்டத்தில் எத்துணை நுணுக்கம் வேண்டும், மாதிரியும் வரைபடமும் முரணின் எது செல்லும், பிழைக்குப் பொறுப்பாவார் யார், இவ்வுழைப்பிற்கு ஊதியம் யாது என்பன தெளிவுற எழுதப்படல் வேண்டும். எழுதும் நெறியைக் காட்ட 2018-இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 19650 என்னும் உலகத் தரவிதிகளும் உள.

பிரிட்டிஷ் அரசாங்கம் 2016 ஏப்ரல் முதல் தன் மத்திய அரசுப் பணிகளில் இம்முறையைக் கட்டாயமாக்கிற்று. நம் நாட்டிலும் நாகபுரி மெட்ரோ இரயில் நிறுவனம், காலமும் செலவும் சேர்ந்த ஐம்பரிமாண மாதிரியைக் கையாண்டது.

மேலூரிலும் உசிலம்பட்டியிலும் உள்ள சிறு கண்டிராக்டர்கள் இதனால் நசுக்கப்படார்களோ என்னும் ஐயம் நியாயமானதே. அதற்குச் சிங்கப்பூர் விடை கூறும். கட்டட அனுமதிக்கு இம்மாதிரியைக் கேட்ட அந்நாடு, 2013-இல் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களில் தொடங்கி, 2015-இல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டவற்றிற்கும் விரித்தது. நாமும் தோப்பூர் எய்ம்ஸ் மருத்துவமனையை ஒத்த பெரும்பணிகளில் முதற்கண் தொடங்குதல் தகும். பிராணவாயுக் குழாயும் மின்கம்பியும் நெருங்கி ஓடும் மருத்துவமனையில், இடந்தவறிய குழாயைப் பெயர்த்து மாற்றும் செலவும் காலமும் ஈற்றில் நோயாளிகள் தலையிலேயே விழும் அன்றோ?

நம் மாணவருட் சிலர் நாளை டெண்டர் எழுதும் இருக்கைகளில் அமர்வர். கணினி கற்பதோடு ஒப்பந்தம் எழுதவும் அவர்கள் கற்பாராக. பத்திரத்தில் இல்லாதது பணியிலும் இராது.