கொலைஞன் பெயரும் கொலையுண்டார் பெயரும்

ஆட்டோ சங்கர் என்ற பெயரைக் கேளாத தமிழர் உளரோ? மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலே கந்தோரில் இருப்பவரைக் கேளுங்கள். படுவான்கரையிலே வட்டையில் நிற்பவரைக் கேளுங்கள். சற்று வயது சென்றவராயின், சென்னைத் திருவான்மியூரில் வாழ்ந்த அக்கொடியவனின் கதையில் ஒரு பகுதியையேனும் இருவரும் சொல்வர்.

கௌரிசங்கர் என்பது அவன் இயற்பெயர். ஆட்டோ ஓட்டினான், கள்ளச்சாராயம் கடத்தினான், பெண்களை வைத்து இழிதொழில் நடத்திப் பொருள் குவித்தான். தன் கூட்டத்தாரோடு சேர்ந்து ஆறு உயிர்களைப் பலிகொண்டான். 1990இல் சென்னைச் சிறையிலிருந்து தப்பியோடி மீண்டும் பிடிபட்டான். 1991இல் செங்கல்பட்டு நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. 1995 ஏப்ரல் 27ஆம் நாள் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டான். 2019இல் அவன் கதை இணையத் தொடராகவும் வந்தது.

இவ்வளவும் அறிந்த நமக்கு, அவனால் மடிந்த அறுவரில் ஒருவர் பெயராவது தெரியுமா? அவர்கள் யார் பெற்ற பிள்ளைகள்? என்ன தொழில் செய்தனர்? யாரை அழவைத்துச் சென்றனர்? விடை கூறுவார் மிகச் சிலரே.

கொடியவன் வாழ்வை அறிய விரும்புவது மனித இயல்பு. நம்மையும் அவ்வாவல் பற்றியதுண்டு. பாம்புக்கு அஞ்சுகிறவனே அதனைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். ஆகவே ஆவலைக் குற்றமென்று நாம் கூறோம். அது எத்திசையிற் செல்கிறது என்பதே கேள்வி.

சிறையிலிருந்தபடி சங்கர் தன் வரலாற்றை எழுதினான். உயர் அதிகாரிகள் சிலரோடு தனக்கிருந்த தொடர்பையும் அதிற் கூறினான். நக்கீரன் இதழ் அதனை வெளியிட முற்பட்டபோது அதிகாரிகள் குறுக்கே நின்றனர். வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1994 ஒக்டோபரில் தீர்ப்பு வந்தது. பகிரங்கப் பதிவேடுகளில் உள்ளவற்றை அவன் இசைவின்றியும் வெளியிடலாம். அவதூறு நேருமென்று கூறி அரசோ அதிகாரிகளோ முன்கூட்டியே தடைவிதிக்க இயலாது. ஆயின் அவ்வெல்லை கடந்து ஒருவரது அந்தரங்கத்தில் நுழைந்தால் பத்திரிகையே பொறுப்பேற்க வேண்டும் என்றது மன்றம். ஒரு கொலைஞனின் வழக்கிலே பத்திரிகைச் சுதந்திரத்துக்கும் குடிமகனின் அந்தரங்க உரிமைக்கும் அரண் கிடைத்தது! ஆனால் மக்கள் மனத்தில் நின்றது அத்தீர்ப்பா? எவர் நிழலில் அவன் வளர்ந்தான் என்ற கேள்வியா? இரண்டுமன்று. அவன் பெயரும் கொடுமையுமே நின்றன.

இலண்டனிலும் இதுவே நடந்தது. 1888இல் ஐந்து பெண்களைக் கொன்று, பிடிபடாமலே மறைந்தவனுக்கு ‘ஜாக் த ரிப்பர்’ என்று பெயர் சூட்டி உலகம் கதை வளர்த்தது. அவ்வைவரின் வாழ்வை ஆராய்ந்து ஹாலி ரூபன்ஹோல்ட் என்ற வரலாற்றாசிரியை நூல் வெளியிட்டது 2019இலேதான். தாயாய், மனைவியாய், மகளாய் வாழ்ந்தவர்களை மனிதராகக் காண 130 ஆண்டுகள் சென்றன.

அயலூர்க் கதையென்று நாம் ஒதுங்கலாமோ? 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலுமிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் 184 பேர் இராணுவத்தினராற் கொல்லப்பட்டனர். எவரும் தண்டிக்கப்படவில்லை. தனியொருவனின் கொலைவெறியும் ஆயுதந்தாங்கிய அணியின் செயலும் ஒன்றல்ல. ஆனால் மாண்டவரை வெறும் எண்ணாக்கிவிடும் மறதி இரண்டிலும் ஒன்றே. அதன் வேதனையை அறிந்த வாவிக்கரையார், கொலைஞனை வியக்கும் கூட்டத்திற் சேரலாகாது.

கொலைக் கதைகளைப் படிப்போர் படிக்கட்டும். ஆயினும் ஒவ்வொரு கதையிடமும் இரு வினாக்களைக் கேட்கட்டும்: மடிந்தவர் யார்? கொன்றவனுக்கு இடங்கொடுத்தவர் யார்? நம் ஊர்களிலோ கல்லிலே பெயர் பொறித்தால் மட்டும் போதாது. படித்தவர் ஏடெடுத்து, உழவர் வாய்மொழி கேட்டு, தமிழர் முஸ்லிம் என்ற பேதமின்றி மாண்ட ஒவ்வொருவரின் வயதையும் தொழிலையும் வாழ்வையும் எழுதிவைக்க வேண்டும். கண்டவர்கள் முதுமை எய்திவிட்டனர். இனியும் தாமதித்தால் கேட்பதற்கு ஆளிரார்.