ஒரு டாலர் சவாரியும் ஊரார் கட்டும் பில்லும்

ராயல் மெல்பர்ன் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு 2022-ஆம் ஆண்டில் இ-ஸ்கூட்டரால் அடிபட்டு வந்தவர்கள் சுமார் 250 பேர். அவர்களுக்குச் சிகிச்சை தர ஆன செலவை அங்குள்ள மருத்துவர்கள் கூட்டிப் பார்த்தார்கள். தொகை 19 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். ஒரே ஒரு மருத்துவமனையின் ஓராண்டுக் கணக்கு இது. லைம், நியூரான் என்ற இரு நிறுவனங்களின் வாடகை ஸ்கூட்டர்கள் அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் சோதனை முறையில் மெல்பர்ன் தெருக்களில் இறங்கியிருந்தன.

நம் ஊரில் பேட்டரி ஸ்கூட்டர் என்றால் சீட்டில் உட்கார்ந்து ஓட்டுவது. இது வேறு. கால் வைக்க ஒரு பலகை, இரண்டு குட்டிச் சக்கரங்கள், நெஞ்சளவு உயரத்தில் ஒரு கைப்பிடி. நின்றபடியே மணிக்கு 20, 25 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம். சக்கரம் சிறியது என்பதால் ஒரு சின்னப் பள்ளமோ நடைபாதை விளிம்போ போதும். வண்டி அப்படியே நின்றுவிடும், ஆள் கைப்பிடியைத் தாண்டி விழுவார். கையை ஊன்றினால் மணிக்கட்டு முறியும். ஊன்ற நேரம் கிடைக்காவிட்டால் தாடையும் மண்டையும் தரையில் மோதும்.

இந்த வாடகைத் தொழில் கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் 2017 செப்டம்பரில் தொடங்கியது. பேர்ட் என்ற நிறுவனம் வண்டிகளைத் தெருவோரங்களில் நிறுத்தி வைத்தது. செல்போனில் தட்டினால் பூட்டுத் திறக்கும். அதற்கு ஒரு டாலர், பிறகு நிமிடத்துக்கு 15 சென்ட். உரிய அனுமதி பெறாததற்காக நகர நிர்வாகம் அந்த டிசம்பரிலேயே நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 3 லட்சம் டாலருக்கு மேல் கட்டி நிறுவனம் அதை முடித்துக்கொண்டது. வழக்கு முடிந்ததே தவிர, அவசரப் பிரிவில் கூட்டம் குறையவில்லை.

அந்தக் கூட்டத்தை முதலில் எண்ணியவர்கள் அதே கலிபோர்னியாவின் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழக மருத்துவர்கள். 2017 செப்டம்பர் முதல் 2018 ஆகஸ்ட் வரை இரண்டு அவசரப் பிரிவுகளுக்கு வந்தவர்கள் 249 பேர். பத்தில் நான்கு பேருக்குத் தலையில் அடி. கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு எலும்பு முறிவு. ஹெல்மெட் அணிந்து ஓட்டியதாகப் பதிவானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. இன்னொரு எண்ணை நகர நிர்வாகங்கள் மறக்கக் கூடாது: 21 பேர் வண்டியில் ஏறியவர்களே அல்லர். நடந்து போகும்போது மோதப்பட்டவர்களும், நடைபாதையில் கிடந்த வண்டி தடுக்கி விழுந்தவர்களும் அவர்களில் உண்டு.

அந்த ஆய்வு 2019 ஜனவரியில் வெளியானது. அதே மாதத்தில்தான், 18 வயது நிறைந்தவர்கள் இ-ஸ்கூட்டரில் ஹெல்மெட் அணியத் தேவையில்லை என்ற திருத்தமும் கலிபோர்னியாவில் நடைமுறைக்கு வந்தது. அந்த மசோதாவை முன்னெடுத்தது பேர்ட் நிறுவனம். காயங்களின் கணக்கு கைக்கு வரும் முன்பே பாதுகாப்பைத் தளர்த்திவிட்டார்கள். மருத்துவர்களைக் கேட்காமல், வண்டி விடுபவர்களைக் கேட்டுச் சட்டம் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

கணக்கு தாமதமானதற்கு, அவசரப் பிரிவு ஊழியர்கள் வேண்டுமென்றே எண்ணாமல் விட்டதுதான் காரணம் என்று சொல்வதற்கில்லை. நோய்களையும் காயங்களையும் வகைப்படுத்தும் அமெரிக்கப் பதிவேட்டில், நின்று ஓட்டும் மின் ஸ்கூட்டருக்கென்று தனிக் குறியீடே 2020 அக்டோபரில்தான் வந்தது. அதுவரை ஒவ்வொரு நோயாளியின் குறிப்பையும் வரிவரியாகப் படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எண்ணப்படாத காயத்துக்கு எந்த நகரத்தின் பட்ஜெட்டிலும் பணம் ஒதுக்கப்படுவதில்லை.

டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரப் பொதுச் சுகாதாரத் துறை 2018-இன் கடைசி மாதங்களில் ஒரு படி மேலே போனது. காயங்களோடு சவாரிகளையும் சேர்த்து எண்ணியது. ஒரு லட்சம் சவாரிக்கு 20 பேருக்குக் காயம் என்று தெரிந்தது. அப்படிக் கண்டறிந்த 190 பேரில் ஹெல்மெட் போட்டிருந்தவர் ஒரே ஒருவர். மூன்றில் ஒருவருக்கு அதுதான் முதல் சவாரி.

ஆஸ்டினின் இந்த எண்ணையும் மெல்பர்னின் செலவுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மெல்பர்னில் ஒரு நோயாளிக்குச் சராசரியாகச் சுமார் 7,500 ஆஸ்திரேலிய டாலர். ஆஸ்டினில் 5,000 சவாரிக்கு ஒரு காயம். ஊர்கள் வேறு, நாணயங்கள் வேறு, மருத்துவமனைகளின் தன்மையும் வேறு என்பதால் இது அளவைப் புரிந்துகொள்ள உதவும் தோராயக் கணக்கு மட்டுமே. அப்படியும் ஒரு சவாரிக்கு ஒன்றரை ஆஸ்திரேலிய டாலர் சிகிச்சைச் செலவு என்று வருகிறது. பூட்டைத் திறக்க அமெரிக்கப் பயணி கட்டிய ஒரு டாலருக்கு இது ஏறக்குறையச் சமம்.

இந்த ஒன்றரை டாலர் எந்தச் செயலியிலும் தெரிவதில்லை. பொது மருத்துவமனை உள்ள நாடுகளில் அது வரிப்பணத்திலிருந்து போகிறது. அமெரிக்காவில் விழுந்தவரின் காப்பீட்டிலிருந்தோ, காப்பீடு இல்லாவிட்டால் அவருடைய சேமிப்பிலிருந்தோ போகிறது. விபத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்ற நிபந்தனைக்குச் சம்மதம் தெரிவித்த பிறகுதான் பல நிறுவனங்களின் பூட்டு திறக்கும். 2018-இல் 200 கோடி டாலர் என மதிப்பிடப்பட்ட பேர்ட், 2023 டிசம்பரில் திவால் மனு தாக்கல் செய்தது. அடிபட்டு இழப்பீடு கேட்டுப் போராடியவர்களின் வழக்குகளும் அந்தத் திவால் நடவடிக்கைக்குள் போய்ச் சேர்ந்தன.

கார்கள் இதைவிடப் பல மடங்கு பேரைக் கொல்கின்றன, காயப்படுத்துகின்றன என்று ஸ்கூட்டர் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். அது உண்மை. குறுகிய தூரப் பயணத்துக்குக் காரை எடுக்காமல் இருக்க இந்த வண்டி உதவுகிறது என்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே மெல்பர்னில் கார் வைத்திருப்பவர் பதிவுக் கட்டணத்தோடு விபத்து இழப்பீட்டு ஆணையத்துக்கும் பணம் கட்டுகிறார். மோதலில் யாருக்கு அடிபட்டாலும் சிகிச்சைக்கு அந்த நிதி உதவுகிறது. ஸ்கூட்டரிலிருந்து தானாக விழுந்தவருக்கு அந்த நிதி கிடையாது, ஏனென்றால் ஸ்கூட்டர் அதற்கு எதுவும் கட்டவில்லை. சாலையைப் பயன்படுத்தும் ஒரு தரப்பு தன் பங்கைச் செலுத்திவிட்டு வருகிறது, இன்னொரு தரப்பு வெறுங்கையோடு வருகிறது. இந்த வேறுபாட்டுக்கு எந்த நியாயமும் இல்லை.

கோபம் முற்றிய நகரங்கள் தடையை நாடியிருக்கின்றன. பாரிஸ் 2023 ஏப்ரலில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. வாக்களித்தவர்களில் 89 விழுக்காட்டினர் வாடகை ஸ்கூட்டர் வேண்டாம் என்றார்கள். வாக்களிக்க வந்தவர்களோ நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை. அந்த செப்டம்பரில் 15,000 வண்டிகள் தெருவிலிருந்து அகற்றப்பட்டன. மெல்பர்ன் மாநகராட்சியும் 2024 ஆகஸ்டில் ஒப்பந்தத்தை முறித்தது. இரண்டு ஊர்களிலும் சொந்த ஸ்கூட்டர்கள் தொடர்ந்து ஓடுகின்றன. தடை போட்டதும் எரிச்சல் அடங்குகிறது, மருத்துவமனைக்கு வரும் பில் நிற்பதில்லை.

சிங்கப்பூர் எடுத்த முடிவு இன்னும் கூர்மையானது. 2019 செப்டம்பரில் பிடோக் வட்டாரத்தில் இ-ஸ்கூட்டர் மோதி, சைக்கிளில் சென்ற 65 வயதுப் பெண் இறந்தார். நவம்பர் 5 முதல் நடைபாதைகளில் இ-ஸ்கூட்டர் ஓட்டுவது குற்றமானது: 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை. நடப்பவர்களுக்கு அது தேவையான முடிவுதான். ஆனால் அந்த வண்டியை நம்பிப் பிழைத்த உணவு விநியோக ஓட்டுநர்கள் ஒரே இரவில் தவித்துப் போனார்கள். அவர்கள் வேறு வண்டிக்கு மாற 70 லட்சம் வெள்ளி உதவித் திட்டத்தை அரசு அவசரமாக அறிவிக்க வேண்டியிருந்தது.

நாம் பார்க்க வேண்டிய ஊர் ஓஸ்லோ. அங்குள்ள அவசரச் சிகிச்சை மையம் ஸ்கூட்டர் காயங்களைத் தொடர்ந்து பதிவு செய்தது: எத்தனை மணிக்கு விழுந்தார், குடித்திருந்தாரா, வாடகை வண்டியா என்பது வரை. இரவு நேரமும் மதுவும் அந்தப் பதிவில் திரும்பத் திரும்ப வந்தன. 2021 செப்டம்பரில் நகரம் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை வாடகையை நிறுத்தியது. வாடகை வண்டிகளை 8,000-ஆகக் குறைத்தது. காயங்கள் கணிசமாகக் குறைந்தன. அடுத்த ஆண்டு நார்வே அரசு இந்த வண்டியை மோட்டார் வாகனமாகவே வகைப்படுத்தி, காப்பீட்டையும் கட்டாயமாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஜெர்மனி இன்னும் முந்திக்கொண்டது. 2019-இல் இ-ஸ்கூட்டரை அனுமதித்த நாளிலிருந்தே, காப்பீட்டு ஸ்டிக்கர் ஒட்டாத வண்டி அங்கே சாலைக்கு வர முடியாது.

இந்தியாவிலும் காப்பீட்டில் இதே ஓட்டை இருக்கிறது. 250 வாட்டுக்கு மேற்படாத மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகமும் கொண்ட மின் வண்டிகளை மோட்டார் வாகனக் கணக்கில் சேர்க்காமல் விதிகள் விட்டிருக்கின்றன. பதிவெண் இல்லை, உரிமம் இல்லை, மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயமில்லை. உணவும் மளிகையும் கொண்டுவரும் இளைஞர்கள் பலர் இவ்வகை வண்டிகளைத்தான் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள். அதிலொன்று மோதி ஒரு முதியவரின் இடுப்பெலும்பு முறிந்தால், இழப்பீடு கேட்க ஒரு காப்பீட்டு நிறுவனம்கூட எதிரில் இல்லை.

எனவே நகரங்கள் வாடகை உரிமத்தைப் புதுப்பிக்கும்போது பேச வேண்டியது சிகிச்சைப் பங்கு. ஒவ்வொரு சவாரிக்கும் ஒரு சிறு தொகையை நிறுவனம் அந்த ஊர் மருத்துவமனைகளுக்கான நிதியில் செலுத்த வேண்டும். ஓட்டுபவரையும் அவரால் அடிபடுபவரையும் காக்கும் காப்பீடு உரிமத்தின் முதல் நிபந்தனையாக வேண்டும். தொகையை முடிவு செய்வது அவசரப் பிரிவின் பதிவேடாக இருக்கட்டும்: காயம் கூடினால் தொகை கூடும், குறைந்தால் குறையும். புதியவரின் முதல் சவாரியில் வேகத்தைச் செயலி வழியாகவே கட்டுப்படுத்த இன்றைய தொழில்நுட்பத்தால் முடியும். காயத்துக்குத் தானே விலை கொடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால், அதைச் செய்ய எந்த நிறுவனத்தையும் கெஞ்ச வேண்டியிருக்காது.

மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலம் 2024 அக்டோபரில் இ-ஸ்கூட்டரை நிரந்தரமாகச் சட்டபூர்வமாக்கியது. ஓட்டுபவருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும், வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பதிவும் அதோடு வரும் விபத்து நிதிக் கட்டணமும் மட்டும் இன்னும் கார்களுக்கு உண்டு, ஸ்கூட்டருக்கு இல்லை.