நீலம் வந்தால் கண்டுபிடித்ததாகிவிடுமா?

ஃபைனல் இயர் புராஜெக்ட் சீசன். பயோடெக், கெமிக்கல் லேப் பக்கம் போய்ப் பாருங்க, ஏதாவது ஒரு டீம் மூலிகை விதையை அரைத்துக்கொண்டிருக்கும். உதாரணத்துக்கு நாவல் கொட்டையையே எடுத்துக்குவோம். தாம்பரம் சானடோரியத்தில் 2005-லிருந்து தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு. சர்க்கரைக்கு நல்லதுன்னு நாட்டு மருந்துக் கடையில் நாவல் கொட்டைப் பொடி கேட்டு வாங்குறவங்களும் இந்தப் பக்கம் நிறைய. அதனால் நமக்கு இது வெறும் மார்க் விஷயம் இல்லை.

ரிப்போர்ட்டோட தலைப்பு என்னவாக இருக்கும்? 'நாவல் விதையில் பாலிஃபீனால்களை அடையாளம் காணுதல்'. உள்ளே என்ன இருக்கும்? மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டி, ஃபோலின்-சியோகால்டு கரைசலை ஊற்றி, நீல நிறம் வந்ததும் 765 நானோமீட்டரில் ஒரு ரீடிங். அவ்வளவுதான். இது அளப்பது. அடையாளம் காண்பது இல்லை.

அந்தக் கரைசல் 1927-ல் புரதத்தில் இருக்கும் டைரோசின், டிரிப்டோஃபேன் அளக்க வந்தது. 1965-ல் சிங்கிள்டன், ராசி என்ற இருவர் அதை ஒயினில் ஃபீனால் அளக்கத் திருத்தினார்கள். எலக்ட்ரான் கொடுக்கிற பல பொருட்களோடு அது நீலமாகும். வைட்டமின் சி இருந்தாலும் ஆகும். 'காலிக் அமிலத்துக்குச் சமமாக இத்தனை மில்லிகிராம்' என்று எழுதுகிறோமே, அதற்கு காலிக் அமிலம் இருக்குன்னு அர்த்தமே கிடையாது. தாம்பரத்தில் இறங்குகிற கூட்டத்தை எண்ணினால், யார் யார் இறங்கினாங்கன்னு தெரிஞ்சிடுமா?

சரி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு அனுப்பினால் முடிஞ்சுதா? அங்கேயும் ஒரு பொறி இருக்கு. எலாஜிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 302. குவெர்செடினுக்கும் 302. நெகட்டிவ் மோடில் இரண்டுமே 301-ல் வந்து நிற்கும். நாவலில் இரண்டும் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அந்த 301-ஐ மட்டும் பார்த்துப் பெயர் எழுதினால் அது யூகம்தான். சுத்தமான ஸ்டாண்டர்டை அதே காலமில் ஓடவிட்டு நேரம் ஒத்துப்போகுதான்னு பார்க்கணும். உடைந்த துண்டுகளையும் பார்க்கணும்: குவெர்செடின் என்றால் 179, 151 வரும்.

இன்னொன்று. சாற்றை அமிலம் சேர்த்துக் கொதிக்கவைத்தால், விதையில் இருக்கும் பெரிய டானின்கள் உடைந்து எலாஜிக் அமிலம் புதிதாக உருவாகும். அப்போது நீங்க பார்ப்பது விதையில் தனியாக இருந்ததையா, நீங்களே உண்டாக்கினதையா?

'நம்ம காலேஜ்ல அந்த மெஷின் எல்லாம் இல்லையே பாஸ்' என்பீங்க. நியாயம்தான். ஆனால் ஒரு டிஎல்சி தட்டில் உங்க சாம்பிளையும் காலிக் அமில ஸ்டாண்டர்டையும் பக்கத்து பக்கத்தில் ஓடவிட பெரிய செலவு ஆகாது. அது முழு நிரூபணம் இல்லை, ஆனாலும் நீல நிறத்தைவிட ஒரு படி மேலே. இன்னும் வேணும்னா, ஐஐடி மெட்ராஸில் இருக்கும் சைஃப் மையம் கட்டணம் வாங்கிக்கொண்டு வெளி ஆட்களின் சாம்பிளையும் சோதித்துத் தருகிறது. பத்து டெஸ்ட் மேலோட்டமாகச் செய்வதற்குப் பதில் ஒரே ஒரு சேர்மத்தை உருப்படியாகப் பிடிங்க. அதற்கு முன்னாடி, கடையில் வாங்கின பொடியை நம்பாமல், முழு விதையை ஒரு தாவரவியல் ஆசிரியரிடம் காட்டி இது நாவல்தான்னு உறுதி செஞ்சுக்கோங்க.

ஏன் இவ்வளவு கறார்? 'ஆய்வில் கண்டறியப்பட்டது' என்ற ஒரு வரி ரிப்போர்ட்டிலிருந்து வாட்ஸ்அப்புக்குப் போக ரொம்ப நேரம் ஆகாது. அதை நம்பி யாரோ ஒருத்தர் சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டுப் பொடிக்கு மாறினால், நம்ம மார்க் அவருக்கு எந்த விதத்தில் உதவும்? நாவல் கொட்டையில் சரக்கு இல்லைன்னு நான் சொல்லலை. சரக்கு இருக்கலாம். அதனால்தான் அது என்ன சரக்குன்னு ஒழுங்காகப் பார்க்கணும்.

மெஷின் கிடைக்கலைன்னா தலைப்பை மாற்றுங்க. 'மொத்த ஃபீனால் அளவு' என்று போடுங்க. கேட்க சின்னதாக இருக்கும், ஆனால் வைவாவில் எந்தக் கேள்வி வந்தாலும் நிற்கும்.