ராஜா கழுத்தில் மல்லாட்டை!

எங்கள் ரமணாசிரமம் பகுதியில் அவித்த மல்லாட்டை விற்கும் பாட்டிகளிடம் பேரம் பேசாத பெண்களே குறைவு. அந்த மல்லாட்டைக்குப் பிறந்த வீடு தென் அமெரிக்கா. மணிலா ஊர்ப் பெயர் ஒட்டி மணிலாக்கொட்டை ஆனது, நம் வாயில் மல்லாட்டை. பெரு நாட்டில் சிபான் என்ற இடத்தில் 1987-ல் தோண்டிய மோச்சே அரசர் கல்லறையில், தங்கத்தில் 10, வெள்ளியில் 10 என மல்லாட்டை கோத்த மாலை கிடைத்தது. வயசு சுமார் 1,700 வருஷம்! நமக்கு மாங்காய் மாலை மாதிரி, அவர்களுக்கு இது.

பள்ளிக்கூடத்தில் பழைய நாகரிகம் என்றால் ராஜா, சண்டை, கோட்டையோடு சரி. அந்த ஜனங்கள் எதை விதைத்தார்கள், எதைத் தின்றார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா? வெயிலில் குனிந்து மல்லாட்டை பிடுங்கும் நம்மூர்ப் பெண்களின் அருமை அப்போதாவது புரியும். தியேட்டரில் பாப்கார்னுக்கு (அதுவும் அந்தப் பக்கத்துச் சோளம்தான்) கேட்ட காசை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். பாட்டியிடம் மட்டும் ஏன் இன்னொரு கைப்பிடி கேட்கிறோம்?

- ஒரு வாசகி, திருவண்ணாமலை.