கலாசாலை மதிப்பெண்ணும் கழனியின் சாட்சியும்

விதை மூட்டையில் கட்டியுள்ள சீட்டைப் படித்துப் பார்த்த பின்னரே விதை வாங்க வேண்டும் என்று விவசாய இலாகாவினர் குடியானவர்களுக்கு ஓயாது சொல்லி வருகின்றனர். அச்சீட்டில் விதையின் சுத்தம் இவ்வளவு, முளைப்புத் திறன் இவ்வளவு என்று தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். சான்று பெற்ற நெல் விதைக்குச் சுத்தம் நூற்றுக்கு 98-க்கும், முளைப்பு நூற்றுக்கு 80-க்கும் குறையலாகாது என்பது விதி. ஒரு குவியல் சுத்தத்தில் 98-ம் முளைப்பில் 50-ம் பெற்றதாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 74 வரும். 74 நல்ல எண்தானே என்று எவரேனும் அவ்விதையை நாற்றங்காலில் தெளிப்பரோ? தெளியார். சுத்தம் வேறு, முளைப்பு வேறு. ஒன்றின் மிகுதி மற்றொன்றின் குறையை நிரப்பாது.

விதைக்கு நாம் கைக்கொள்ளும் இந்த எளிய நியாயத்தை, விவசாயக் கலாசாலையிற் பயின்று பட்டம் பெற்று வரும் இளைஞர்களுக்குக் கைக்கொள்ளுகிறோமா என்பதே இங்கு ஆராயத்தக்க விஷயம். அவர்களும் ஒருவகையில் விதையே. அவர்கள் வாயிற் பிறக்கும் ஒரு சொல்லை நம்பித்தான் காரிமங்கலத்துக் குடியானவன் மருந்துக்கும் உரத்துக்கும் கடன் வாங்குகிறான்.

நம் நாட்டில் விவசாயக் கல்வி வயலை ஒட்டியே பிறந்தது. 1868-ஆம் வருஷத்தில் சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயப் பள்ளியே அதன் மூலம். அது 1906-இல் கோயமுத்தூருக்கு மாற்றப்பட்டது. 1920-இல் சென்னைச் சர்வகலாசாலையோடு இணைக்கப்பட்டது. 1971-ஆம் வருஷம் ஜூன் மாதம் முதல் தேதி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றில் பயிற்சி முறைகள் பலவாறு திருந்தியுள்ளன. பயின்றதை அளக்கும் கோல் அவ்வளவுக்குத் திருந்தியதா என்பதே கேள்வி.

அக்கோல் யாது என்பதை முதலிற் காண்போம். விவசாயப் பட்டப் படிப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் என்னும் அலகு உண்டு. '2+1' என்று குறித்தால் வாரத்துக்கு இரண்டு மணி விரிவுரையும் ஓர் அலகு செய்முறையும் என்று பொருள். செய்முறை அலகு ஒன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வயலிலோ பரிசோதனைச் சாலையிலோ நிற்க வேண்டும். பெற்ற மதிப்பெண்ணைப் பத்தால் வகுத்தால் அப்பாடத்தின் புள்ளி வரும். 76 மதிப்பெண்ணுக்கு 7.6 புள்ளி. ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் அலகால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த அலகால் வகுத்தால் பட்டத்தின் சராசரிப் புள்ளி கிடைக்கும். இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் அமைத்த ஐந்தாவது முதல்வர்கள் குழு 2016-இல் வகுத்த முறைப்படி, 5-க்கு மேல் தேர்ச்சி, 6-க்கு மேல் இரண்டாம் வகுப்பு, 7-க்கு மேல் முதல் வகுப்பு, 8-ம் அதற்கு மேலும் சிறப்புடன் கூடிய முதல் வகுப்பு. நான்காண்டு உழைப்பு முழுவதும் இறுதியில் ஒரே எண்ணாகச் சுருங்கி விடுகிறது. மேற்படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் அவ்வெண்ணே முன் நிற்கிறது.

இனி மதிப்பெண்ணின் பங்கீட்டைக் கவனிக்க. விரிவுரையும் செய்முறையும் கலந்த பாடத்துக்கு அக்குழு விதித்த பங்கீடு இது: வெளியார் நடத்தும் எழுத்துப் பரீட்சைக்கு 50, இடைப் பரீட்சைக்கு 30, ஒப்படைப்புக்கு 5, செய்முறைக்கு 15. வாரத்திற் செலவிடும் பொழுதிலோ ஏறத்தாழப் பாதி செய்முறைக்குப் போகிறது. பொழுதிற் பாதி, மதிப்பெண்ணிற் பதினைந்து! மாணாக்கர் எதற்கு அஞ்சுவர், எதற்கு இரவு கண் விழிப்பர் என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும்.

உதாரணமாக இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் எழுத்துப் பரீட்சையில் 50-க்கு 45, இடைப் பரீட்சையில் 30-க்கு 27, ஒப்படைப்பில் 4, செய்முறையில் 15-க்கு 8 வாங்குகிறார். மொத்தம் 84, புள்ளி 8.4. மற்றவர் எழுத்துப் பரீட்சையில் 30, இடைப் பரீட்சையில் 18, ஒப்படைப்பில் 4, செய்முறையில் முழுமையாக 15 வாங்குகிறார். மொத்தம் 67, புள்ளி 6.7. எல்லாப் பாடங்களிலும் இந்நிலை நீடித்தால் முன்னவர் சிறப்பு வகுப்பினர். பின்னவர் இரண்டாம் வகுப்பினர். இருவருமே தகுதியுடையவர்கள். ஆராய்ச்சிக்கு முன்னவரும் கிராமத்துக்குப் பின்னவரும் ஏற்றவராதல் கூடும். ஆயினும் அவ்வெண்ணைப் பார்ப்பவருக்கு இவ்வேற்றுமை தெரிய வழியில்லை. சராசரி அதை விழுங்கி விட்டது.

இதனால் குடியானவனுக்கு என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கலாம். காரிமங்கலம், பாலக்கோடு பக்கங்களில் தக்காளி இட்டவர்களைக் கேட்டால் தெரியும். இலை சுருண்டு செடி குன்றும்போது அது வெள்ளை ஈயாற் பரவும் நச்சுயிரி நோய் என்று அறியாமல் பூசணக் கொல்லியைத் தெளிக்கச் சொன்னால், மருந்தின் விலையும் போயிற்று, நோயுற்ற செடியைப் பிடுங்கி அழிக்க வேண்டிய நாட்களும் போயின. தென்னையின் கதையும் இதுவே. சுருள் வெள்ளை ஈ 2016-இல் தமிழ்நாட்டிற் புகுந்தபோது, பூச்சியைக் கண்டவுடன் கடும் நஞ்சைத் தெளிப்பது தீமையையே பெருக்கும். அதனைத் தின்று அடக்கும் என்கார்சியா என்னும் ஒட்டுண்ணிக் குளவி முதலில் மடிந்து போகும். நோயின் பெயரையும் அதன் இலக்கணத்தையும் தாளில் எழுதுவது ஒரு திறமை. வாடிய செடியின் முன் நின்று, இது நோயா, சத்துக் குறைவா, வேரில் நீர் தேங்கியதா என்று பகுத்துச் சொல்வது மற்றொரு திறமை. மானாவாரிச் செம்மண்ணில் கேழ்வரகும் சாமையும் கொள்ளும் விளைத்து, மழை பொய்த்தால் மறுபோகத்துக்கு விதைகூட மிஞ்சாத குடும்பங்களுக்கு இவ்விரண்டாவது திறமையே உயிர்நாடி.

இவ்வளவு சொன்னதால் எழுத்துப் பரீட்சையை இகழ்ந்து ஒதுக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. அதில் பெரியதொரு தர்மம் உண்டு. விடைத்தாளின் மேல் பெயர் இராது; ஊர் இராது; சாதி இராது. திருத்துபவருக்குத் தெரிவது ஓர் எண்ணும் எழுதிய விடையுமே. காரிமங்கலத்து மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கும் குடும்பத்துப் பெண்ணும் பட்டணத்து உத்தியோகஸ்தரின் மகனும் அங்கே சரிநிகர். நேர்முகத்தில் மட்டும் மதிப்பிட்டால் தயவும் தாட்சண்யமும் புகும். சில வேளை பழியும் புகும். எனவே பெயர் மறைத்த எழுத்துப் பரீட்சை ஏழை மாணாக்கரின் கவசம். அதைக் களையக் கூடாது. அது அளக்க முடியாததையும் அதன் தலையிலேயே கட்டுவதுதான் பிழை.

பரீட்சைச் சீர்திருத்தம் இன்று தோன்றிய பேச்சன்று. திருத்தணியிற் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-இல் அமைந்த சர்வகலாசாலைக் கல்விக் கமிஷன், உயர்கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் செய்வதானால் அது பரீட்சை முறையிலேயே இருத்தல் வேண்டும் என்ற கருத்தை வெளியிட்டது. விவசாயக் கல்வியைப் பொறுத்த மட்டில், மாணாக்கர் கிராமத்திலேயே தங்கிப் பயில வேண்டும் என்று ரந்தாவா குழு 1992-இல் சிபாரிசு செய்தது. ஐந்தாவது முதல்வர்கள் குழுவும் இறுதியாண்டில் கிராம அநுபவப் பயிற்சிக்கும் தொழிற்சாலை இணைப்புக்குமாக 20 அலகுகளை ஒதுக்கியது. அதன்பின் வந்த ஆறாவது குழு முதலாண்டிலேயே கைத்திறன் பயிற்சிக்கு இடம் தந்துள்ளது. இவை யாவும் போற்றத்தக்க ஏற்பாடுகள். ஆயின் கிராமத்தில் மாணாக்கர் கற்றதை எதைக் கொண்டு அளக்கிறோம்? பெரும்பாலும் அவர் எழுதிய நாட்குறிப்பு, அவர் தொகுத்த அறிக்கை, அதன் மேல் கேட்கும் வாய்மொழிக் கேள்வி ஆகியவற்றைக் கொண்டுதான். வயலுக்குப் போனதையும் தாளைக் கொண்டே அளக்கும்போது, அழகாக எழுதத் தெரிந்தவருக்கே அங்கும் முதலிடம் வாய்க்கிறது. அவரைத் தம் வயலுக்கு அழைத்துச் சென்று, ஏர் பிடிக்கவும் நீர் பாய்ச்சவும் காட்டிக்கொடுத்த குடியானவரின் சொல்லுக்குப் போதிய இடம் இல்லை.

ஆகவே மூன்று யோசனைகளைக் கலாசாலை நிர்வாகிகளின் முன் வைக்கிறோம்.

முதலாவது, பட்டச் சான்றில் சராசரிப் புள்ளி ஒன்றோடு நில்லாமல், எழுத்துத் தேர்ச்சி இவ்வளவு, வயல் தேர்ச்சி இவ்வளவு என்று விதைச் சீட்டைப்போல் இரண்டு எண்களைத் தனித்தனியே அச்சிட வேண்டும். இதற்குப் புதுப் பரீட்சை எதுவும் வேண்டியதில்லை. நான்காண்டுகளிலும் பெற்ற செய்முறை மதிப்பெண்கள் பதிவேட்டில் உள்ளன. அவற்றைப் பிரித்துக் கூட்டினாற் போதும். ஆராய்ச்சிக்கு ஆள் எடுப்பவர் முதல் எண்ணையும், கிராமத்துக்கு ஆள் எடுப்பவர் இரண்டாவது எண்ணையும் கூர்ந்து நோக்கட்டும்.

இரண்டாவது, இறுதியாண்டு வாய்மொழித் தேர்வை மேசையின் முன் நடத்தாமல் வயலின் வரப்பில் நடத்த வேண்டும். மாணாக்கர் முன்பு காணாத ஒரு வயலைத் தேர்ந்து, அங்கே நிற்கும் பயிரைக் காட்டி, அதன் நிலை என்ன, காரணம் என்ன, செய்ய வேண்டியது என்ன, செலவு என்ன என்று கேட்க வேண்டும். விடை குடியானவருக்கு விளங்கும் தமிழில் அமைய வேண்டும். பரீட்சகர் இருவர் இருத்தல் வேண்டும். அவருள் ஒருவர் வேறு கலாசாலையைச் சேர்ந்தவராதல் நன்று. தருமபுரி ஜில்லாவில் இதற்குப் பாப்பாரப்பட்டி வேளாண்மை அறிவியல் நிலையமும், அடுத்த ஜில்லாவில் பையூர் ஆராய்ச்சி நிலையமும் துணையாக உள்ளன.

மூன்றாவது, மாணாக்கரை ஏற்று நடத்திய குடியானவரின் சாட்சியத்தைப் பெற்று, கிராமப் பயிற்சி மதிப்பெண்ணில் ஒரு சிறு பங்கை அதற்கு ஒதுக்க வேண்டும். அவரை மதிப்பெண் இடச் சொல்ல வேண்டா. அது அவருக்குச் சங்கடம். பரீட்சகர் நேரிற் சென்று சில கேள்விகளைக் கேட்டால் போதும். மாணாக்கர் சொன்ன நேரத்துக்கு வயலுக்கு வந்தாரா? தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, கேட்டறிந்து மறுநாள் வந்து விடை தந்தாரா? அவர் கூறிய யோசனை உங்கள் கைச்செலவுக்கு அடங்கியதா? பயிரை நீங்கள் அழைக்கும் பெயரால் அவர் அறிந்துகொண்டாரா? இவற்றுள் இரண்டாவது கேள்வியே தலையாயது. அறியாமையை ஒப்புக்கொண்டு மறுநாள் திரும்பி வரும் அலுவலரால் எவருக்கும் கெடுதி நேராது. அறிந்தவர் போல் அப்போதைக்கு ஏதோ சொல்லிச் செல்பவராலேதான் கெடுதி நேரும். எழுத்துப் பரீட்சையோ வெற்றிடம் விடாமல் எதையாவது எழுதிவை என்றே பழக்குகிறது.

இதற்குத் தடை கூறுவோரும் உளர். குடியானவர்கள் இரக்கமுடையவர்கள், எல்லா மாணாக்கரையும் நல்ல பிள்ளை என்றே சொல்வர் என்பது முதல் தடை. உண்மையே. அதனாலேதான் அபிப்பிராயம் கேளாமல், நடந்ததைக் கேட்க வேண்டும் என்கிறோம். நல்ல பிள்ளையா என்று கேட்டால் ஆம் என்பார். எத்தனை நாள் வந்தார் என்று கேட்டால் எண்ணிச் சொல்லுவார். ஊர் வேற்றுமை, சாதி வேற்றுமை சாட்சியத்திற் புகாதா என்பது இரண்டாவது தடை. இது அலட்சியம் செய்யத் தக்கதன்று. இதனாலேயே அப்பங்கு சிறியதாயிருத்தல் வேண்டும். ஒருவர் சொல்லை மட்டும் கொள்ளாமல் இரண்டு மூன்று குடும்பங்களைக் கேட்டல் வேண்டும். பெண்களையும் கேட்டல் வேண்டும். களையெடுப்பும் நாற்று நடவும் பால் கறவையும் அவர்கள் கையில் இருக்க, ஆடவரை மட்டும் கேட்பது பாதி வயலைப் பார்ப்பதாகும். மாணாக்கர் தொகை பெருகியிருக்க இவ்வளவுக்கும் பொழுதேது என்பது மூன்றாவது தடை. விதைச் சான்று அதிகாரிகள் பயிர் நிற்கும் வயலுக்கே நேரிற் சென்று பார்வையிடுகிறார்கள். நெல்லுக்குச் செலவிடும் பொழுதை, அந்நெல்லைக் காக்க வரும் மனிதருக்குச் செலவிடலாகாதா?

காரிமங்கலத்துப் பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. இவ்வூரிலேயே பெண்களுக்கான அரசு கலை அறிவியல் கல்லூரி இயங்கி வருகிறது. கோவைக்கும் பிற ஊர்களுக்கும் விவசாயப் படிப்புக்குச் செல்லும் பிள்ளைகளும் உண்டு. பிள்ளை வீட்டுக்கு வந்தவுடன் எத்தனை புள்ளி என்று கேட்பதோடு நிறுத்த வேண்டா. கொல்லைக்கு அழைத்துச் சென்று, இந்த மரம் ஏன் குரும்பை உதிர்க்கிறது என்று கேளுங்கள். விடை தெரிந்தால் மகிழுங்கள். தெரியாமல் புத்தகத்தைத் தேடிப் போனால் இன்னும் அதிகமாக மகிழுங்கள்.

பயிற்சிக்கு மாணாக்கர் நம் கிராமங்களுக்கு வரும் காலத்தில் குடியானவர்கள் அவர்களை விருந்தினராக மட்டும் நடத்தாமல், மண்வெட்டியைக் கையில் தந்து வேலையிற் சேர்த்துக்கொள்ள வேண்டும். தவறினால் அன்போடு திருத்த வேண்டும். கலாசாலையார் நம் சாட்சியத்தைக் கேட்கும் நாள் விரைவில் வருமாறு செய்தல் அவர்கள் கடமை. அந்நாள் வரும்போது பார்த்ததைப் பார்த்தபடி சொல்வது நம் கடமை.