கியோட்டோவில் ஓர் அகப்பைத் தண்ணீர்



ஜப்பானியர் ஒருவர் உங்களைத் தேநீர் விருந்துக்கு அழைத்தால், நேரே அறைக்குள் சென்று அமர்ந்துவிட இயலாது. சிறு தோட்டம் ஒன்றைக் கடந்து செல்ல வேண்டும். பாதி வழியில், தரையோடு தாழ்வாக ஒரு கல்தொட்டி. அதன்மேல் ஒரு மூங்கில் அகப்பை. விருந்தாளி குந்தி அமர்ந்து, தண்ணீரை மொண்டு, இடக்கையைக் கழுவி, வலக்கையைக் கழுவி, வாய் கொப்பளித்து, எஞ்சிய நீரை அகப்பையின் காம்பு வழியே வடியவிட்டு, அடுத்தவருக்காகத் தூய்மையாக வைத்துவிட்டு எழ வேண்டும். இத்தனைக்கும் ஓர் அகப்பைத் தண்ணீர்தான். (நமக்கு வலக்கை முந்தும், அவர்களுக்கு இடக்கை முந்துகிறது.)

2023 நவம்பரில், ஒசாகாவில் பணிபுரியும் என் சகோதரி மகனின் அழைப்பை ஏற்று அங்குச் சென்றிருந்தேன். கியோட்டோ நகரில் அந்தத் தொட்டியின் முன் குந்தியபோது என் நினைவுக்கு வந்தது எங்கள் மதரஸாவின் குழாயடி. பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவுத் தண்ணீரில் ஒளூச் செய்தார்கள் என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். முத்து என்பது இரு கைகளும் சேர்ந்த ஓர் அள்ளல். பாடம் முடிந்ததும் மாணவர்கள் குழாயைத் திறந்துவிட்டு, உலகக் கதையெல்லாம் பேசியபடி ஒளூச் செய்வார்கள். மாணவர்கள் மட்டுமா? நானும்தான்.

ஆனால் இதே தொட்டியும் இதே அகப்பையும் ஜப்பானியரின் ஷிந்தோ ஆலய வாசலிலும் உண்டு. அங்கு அது தெய்வத்தின் முன் நிற்பதற்கான தூய்மை. ஒரே செயல் ஓரிடத்தில் விருந்து மரியாதை. மற்றோரிடத்தில் வணக்கத்தின் தொடக்கம். அந்நாட்டின் பழம்பண்பாட்டைக் காணச் செல்லும் முஸ்லிம் பயணி எங்குக் கலந்துகொள்வது, எங்கு ஒதுங்கி நிற்பது என்று தடுமாறுவது இதனால்தான்.

தேநீர் விருந்துக்கு இன்றைய வடிவைத் தந்தவர் ஸென் நோ ரிக்யூ (1522–1591). அவர் காலத்துத் தேநீர்க் குடில்களின் வாசல் ஏறத்தாழ இரண்டடிச் சதுரம். எவராயினும் முழங்காலிட்டு நுழைந்தாக வேண்டும். இடுப்பில் வாளோடு நுழைய வழியில்லை. வீரன் அதை வெளியிலேயே வைத்துவிட வேண்டும். நாட்டை ஆண்ட ஹிதெயோஷிக்கும் அதே வாசல்தான். அந்த ஹிதெயோஷியே பின்னர் ரிக்யூவைத் தம் வயிற்றைத் தாமே கிழித்து மாண்டுபோகும்படி ஆணையிட்டார், அவரும் பணிந்தார். நம் மார்க்கம் ஒருபோதும் ஏற்காத முடிவு அது. குடிலுக்குள் நிலவிய சமத்துவம் குடிலுக்கு வெளியே வரவில்லை போலும்.

அந்தக் குறுவாசலில் நுழைவதில் எனக்கு எத்தயக்கமும் எழவில்லை. தாழ்ந்த வாசலில் குனிவது வாசலுக்காகவேயன்றி வேறெதற்காகவும் அன்று. தயக்கம் உள்ளே காத்திருந்தது. அறையின் ஒரு பக்கத்தில் சற்றே உயர்ந்த ஒரு மாடம். அதில் ஸென் துறவி ஒருவர் கைப்பட எழுதிய எழுத்துச்சுருள் தொங்கியது. கீழே ஒரே ஒரு மலர். விருந்தாளிகள் ஒவ்வொருவராக அதன்முன் சென்று, முழந்தாளிட்டு, உள்ளங்கைகளைப் பாயில் ஊன்றித் தலை தாழ்த்தினர். எனக்கு முன் இருவர், மூன்றாவதாக நான்.

“மாமு, சற்றுக் குனிந்துவிடுங்கள். எழுதியவருக்குச் செய்யும் மரியாதைதான், வேறொன்றுமில்லை” என்று மருமகன் காதோடு சொன்னான். அவன் முகத்தில் பதற்றம் தெரிந்தது. அழைத்து வந்தவன் அவனல்லவா!

நான் அதன்முன் சென்று நிமிர்ந்தே அமர்ந்தேன். வலக்கையை நெஞ்சில் வைத்து, அந்த எழுத்தைச் சற்று நேரம் பார்த்தேன். பிறகு, இதன் பொருள் என்னவென்று கேட்கும்படி மருமகனிடம் சொன்னேன். விருந்தளித்த மூதாட்டி என்னைக் கூர்ந்து பார்த்தார். பின்னர் ஒவ்வோர் எழுத்தாகச் சுட்டிக்காட்டிப் பொறுமையாக விளக்கலானார். சுருளின் பொருளைக் கேட்டறிவதும் விருந்தாளியின் முறைகளில் ஒன்றென்று பிறகுதான் அறிந்தேன். அறியாமல் கேட்ட கேள்வி என்னைக் காத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

அதன்பின் இனிப்பு வந்தது. செம்பயற்று மாவும் சர்க்கரையும் சேர்த்து, கடற்பாசியால் உறையவைத்துத் துண்டமிட்டது. ஆம், நோன்பு திறக்க நம் வீடுகளில் காய்ச்சும் அதே கடற்பாசிதான்! விலங்குக் கொழுப்போ எலும்புப் பசையோ இல்லை. இனிப்பு கரைந்தபின் தேநீர்; பாலும் சர்க்கரையும் சேராத, நுரைத்த பச்சைப்பொடித் தேநீர். குவளையை எடுத்தவர் குடிக்குமுன் பக்கத்தில் இருப்பவரிடம், “உங்களுக்கு முன்னால் அருந்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்” என்னும் பொருள்படச் சொல்ல வேண்டும். பிறகு குவளையின் அழகிய முகப்பில் வாய் படாதவாறு அதைச் சிறிது திருப்பி அருந்த வேண்டும். நம் வீட்டு விருந்துகளில் ஸஹனைச் சுற்றி அமர்ந்ததும் எத்தனை பேர் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறோம்?

விருந்து முடிகையில் அஸருடைய நேரம் வந்துவிட்டது. மூதாட்டி அடுத்த அறையைத் திறந்துவிட்டார். வைக்கோலும் கோரையும் கொண்டு நெய்த பாய்களே அங்குத் தரை. ஒரு பாய் மூன்றடி அகலம், ஆறடி நீளம். செருப்பு அதைத் தீண்டுவதே இல்லை. அந்நாட்டிலும் கிப்லா நம் ஊரைப் போலவே மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கிறது.

அங்குச் செல்லவிருப்போருக்காகச் சில செய்திகள். பழைய முறை விடுதிகளில் வாசலிலேயே காலணியைக் கழற்ற வேண்டும். கழிவறைக்கெனத் தனிச் செருப்பு உண்டு. அவர்கள் தரும் நீள் அங்கியை இடப்பக்கம் மேலாக வருமாறு உடுத்துங்கள். வலப்பக்கம் மேலாக உடுத்துவது மையித்துக்கு. வெந்நீர் ஊற்றுக்குளியல் அங்குப் பெயர்பெற்றது. ஆனால் பொதுக்குளத்தில் ஆடையின்றித்தான் இறங்க வேண்டும். அவ்ரத்தைப் பேணும் நமக்கு அது ஆகாது. பல விடுதிகளில், குடும்பத்தார் மட்டும் கதவடைத்துக் குளிக்கும் தனியறையை மணிக்கணக்கில் தருகிறார்கள். அதைக் கேட்டுப் பெறலாம். உணவில் இறைச்சியை மட்டும் கேட்டறிந்தால் போதாது. மிரின் என்னும் அரிசி மது, காய்கறிக் குழம்பிலும் இனிப்புச் சுவைக்காகச் சேர்க்கப்படுகிறது. புத்த மடங்களின் சைவ உணவாயினும் விசாரித்தே உண்ணுங்கள். ஆலய வாசல்களில் பட்டுப்பையில் விற்கும் காப்புச் சின்னங்களை, அழகாயிருக்கிறதே என்று பிள்ளைகளுக்கு வாங்கிவர வேண்டாம். தாயத்து எந்த ஊரினதாயினும் தாயத்துதான். (நம்மவர் கழுத்துகளைப் பற்றிப் பேசினால் இந்தப் பக்கம் போதாது.)

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்காகக் கோபே நகரப் பள்ளிவாசலுக்குச் சென்றோம். ஜப்பானின் முதல் பள்ளிவாசல் அது, 1935இல் திறக்கப்பட்டது. இந்திய வணிகர்களும் ருஷ்யாவிலிருந்து புலம்பெயர்ந்த தாத்தாரியரும் பொருளுதவி செய்து எழுப்பினார்கள். 1945இல் குண்டுவீச்சில் சுற்றுப்புறம் எரிந்தபோதும், 1995 ஜனவரியில் நிலநடுக்கம் அந்நகரை நொறுக்கியபோதும் அது நிலைத்து நின்றது.

தொழுகை முடிந்து படிகளில் அமர்ந்திருந்தபோது மருமகன் மெல்ல ஆரம்பித்தான். ஆண்டுதோறும் ஜனவரியில் அவன் அலுவலகத்தார் ஒன்றாக ஷிந்தோ ஆலயத்துக்குச் செல்வது வழக்கமாம். நான்கு ஆண்டுகளாக அவனும் சென்று, காசு போட்டு, இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி வந்திருக்கிறான். “மனத்தில் ஒன்றுமில்லை மாமு, சடங்கு மட்டும்தான். யூசுப் நபிக்கு அவர்களுடைய சகோதரர்கள் ஸுஜூது செய்யவில்லையா?” என்றான்.

எனக்கு நெஞ்சு கனத்தது. பள்ளிவாசலுக்கு அருகே வளர்ந்த பிள்ளை. அலிஃப், பே அவனுக்கு நானே சொல்லிக்கொடுத்தேன். யூசுப் நபி (அலை) அவர்களுக்குச் செய்யப்பட்டது காணிக்கை ஸுஜூது. முன்சென்ற ஷரீஅத்தில் இருந்து, நம் ஷரீஅத்தில் நீக்கப்பட்டுவிட்டது என்றேன். நண்பரைச் சந்தித்தால் அவருக்காகக் குனியலாமா என்று கேட்கப்பட்டபோது பெருமானார் (ஸல்) அவர்கள் வேண்டாம் என்று கூறிய செய்தி திர்மிதியில் இருப்பதையும் சொன்னேன். ஆகவேதான் அந்தச் சுருளின் முன் நான் குனியவில்லை. ஆனால் அது மரியாதையைப் பற்றிய கேள்வி. ஆலயத்தின் முன் கைதட்டி நிற்பதோ அந்த மக்களின் துஆ. அதை வெறும் சடங்கென்று சொல்வது நம் தீனுக்கும் பொருந்தாது, அவர்களுடைய நம்பிக்கைக்கும் மரியாதையாகாது. தௌபாவின் வாசல் திறந்திருக்கிறது என்றேன். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. இரயிலில் அவன் நெடுநேரம் பேசவில்லை.

2024 ஜனவரியில் தொலைபேசியில் அழைத்தான். அலுவலகத்தாரோடு ஆலயத் தோரணவாயில் வரை சென்றானாம். தன் மார்க்கம் அனுமதிக்காது என்று மேலாளரிடம் முன்னதாகவே சொல்லிவிட்டானாம். எல்லாரும் தங்கள் பைகளை அவனிடம் கொடுத்துவிட்டு உள்ளே சென்றார்கள். அரை மணி நேரம், கடுங்குளிரில், பதினொரு பைகளோடு வெளியே நின்றிருக்கிறான். முதலில் திரும்பி வந்த மூத்த ஊழியர் ஒருவர், வழியோர இயந்திரத்தில் காசு போட்டுச் சூடான தேநீர் வாங்கி அவன் கையில் கொடுத்தாராம்.